செவிவழி எழுத்து – 11: பேசக் கற்ற எடிட்டர்

சென்ற இதழில், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-ஆம் ஆண்டில் நிறுவிய பார்வையற்றோர் பள்ளியில் தொடங்கி, பாரத தேசத்து மொழிகள் யாவற்றுக்கும் பொதுவாக 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் வரையில் வந்து நிறுத்தினோம். விரலால் வாசிக்கும் எழுத்து பார்வையிழந்தோருக்குப் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அவர்கள் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் உத்தியோகத்தில் பிரவேசிப்பதற்கு வேறொரு சாதனம் வேண்டியிருந்தது. புரோகிராம் எழுதுவோர் காலை முதல் மாலை வரை எதன் முன் அமர்ந்து எழுதியும் அழித்தும் திருத்தியும் பொழுதைக் கழிக்கின்றார்களோ, அந்த எடிட்டர் என்னும் எழுத்துக்கருவியே அது. அதைச் செவிக்கு உரியதாக ஆக்க நடந்த பிரயத்தனத்தின் வரலாறு இந்த அத்தியாயத்தின் விஷயம்.

இதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையை நிலைக்களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. கோவளம் வழியாக மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும், அதற்கு மேற்கே திருப்போரூர் வழியாகச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் நடுவில் பக்கிங்ஹாம் கால்வாயும் கேளம்பாக்கத்து உப்பளங்களும் கிடக்கின்றன. கிழக்குச் சாலையில், கழிமுகத்தை ஒட்டிய முட்டுக்காட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளை உடையவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. மேற்குச் சாலையில், சிறுசேரியின் தொழில்நுட்பப் பூங்காவில், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அன்றாடம் புரோகிராம் எழுதுகின்றார்கள். அதற்கும் தெற்கே காலவாக்கத்தில், தமிழ் எழுத்தைக் குரலாக்கும் ஆராய்ச்சியில் பங்குகொண்ட பொறியியல் கல்லூரி இருக்கின்றது. காதால் வாசிக்க வேண்டியவர்கள், குரலை ஆக்கித் தருபவர்கள், புரோகிராம் எழுதும் உத்தியோகம் ஆகிய மூன்றும் இவ்வளவு அருகருகே அமைந்த நிலப்பகுதி நம் நாட்டில் அதிகம் இராது என்பது என் அபிப்பிராயம்.

கடிதம் ஒன்றையோ நாவல் ஒன்றையோ குரல்வழியே கேட்பது கடினமான காரியம் அன்று. வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பொருள் தானே தொடரும். புரோகிராமோ அப்படிப்பட்டதன்று. அதில் ஒரு புள்ளி இடம் மாறினாலும், ஓர் அடைப்புக்குறி மூடப்படாமல் நின்றாலும், வேலை முழுவதும் நின்றுவிடும். சி மொழியில் எழுதிய மிகச் சாதாரணமான ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். கண்ணுள்ளவர் இமைப்பொழுதில் கடந்து செல்லும் அந்த வரி, ‘ஃபார், அடைப்பு திற, ஐ, சமம், பூஜ்யம், அரைப்புள்ளி, ஐ, சிறியது, என், அரைப்புள்ளி, ஐ, கூட்டல், கூட்டல், அடைப்பு மூடு, நெளிவடைப்பு திற’ என்று காதில் விழும். கேட்பவர் இத்தனையையும் நினைவில் நிறுத்தி, இப்போது திறந்த நெளிவடைப்பு நாற்பது வரிகளுக்குப் பின்னர் எங்கே மூடுகின்றது என்பதையும் மறவாமல் வைத்துக்கொண்டு, அடுத்த வரிக்குச் செல்லவேண்டும். கண் ஒரு பக்கத்தை முழுவதும் ஒருசேர நோக்கிப் பின்னர் வேண்டிய இடத்தில் நிலைக்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பார்வையற்ற புரோகிராமருக்கு உதவும் எடிட்டர், வரியை உரக்க வாசித்துக் காட்டுவதோடு நில்லாமல், அந்த வரி எதற்கு உட்பட்டது, எங்கே தொடங்கியது, எங்கே பிழைபட்டது என்பதையும் சொல்ல வல்லதாக இருக்கவேண்டும்.

இந்தத் தொழிலில் பார்வையற்றோர் பிரவேசித்தது அநேகர் எண்ணுவதைவிட வெகுகாலத்துக்கு முன்னர். 1960-களிலேயே அமெரிக்காவில் அவர்களுக்குப் புரோகிராம் எழுதப் பயிற்சி அளிக்கும் முயற்சி ஆரம்பித்துவிட்டது. அக்காலத்துக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றுக்குத் திரை கிடையாது. விடைகள் பெரும்பாலும் பெரிய அச்சுப்பொறிகளில் காகிதமாகவே வெளிவந்தன. அந்த அச்சுப்பொறியில் காகிதத்துக்குப் பின்னால் மெத்தென்ற ரப்பர்ப் பட்டை ஒன்றை வைத்து, முற்றுப்புள்ளியை மட்டுமே அச்சிடச் செய்தால், ஒவ்வொரு புள்ளியும் காகிதத்தின் மறுபுறம் மேடாக எழும்பும். அந்த மேடுகளைப் பிரெயில் எழுத்தாக அடுக்கிவிட்டால் பார்வையற்றவர் தம் புரோகிராமின் விடையைத் தாமே விரலால் வாசித்துக்கொள்ளலாம். புதிய யந்திரம் ஒன்றையும் வாங்காமல், இருந்த யந்திரத்தையே வசப்படுத்திக்கொண்ட அந்தப் புத்திநுட்பம் வியந்து போற்றுதற்குரியது.

1969-இல் கென் தாம்ப்ஸன் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமைக்காக எழுதிய ‘எட்’ என்னும் எடிட்டர் யாருடைய குறைபாட்டையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டதன்று. ஆயினும் அது கேட்ட வரியை மட்டும் தந்து, சொன்ன திருத்தத்தை மட்டும் செய்து, கேளாதபோது வாய் திறவாமல் இருந்தது. ஆகவே காதால் வேலை செய்பவருக்கு அது இயல்பாகவே பொருந்திற்று. கார்ல் டால்கி என்னும் பார்வையற்ற புரோகிராமர் பின்னாளில் ‘எட்பிரவுஸ்’ என்ற தம் கருவியை அந்த முறையிலேயே அமைத்தார். ஒரு திரை நிறைய எழுத்தைப் பரப்பிவைத்துவிட்டு, ‘இதில் வேண்டியதைத் தேடிக்கொள்’ என்று விடுவது கண்ணுக்குச் செய்யும் உபசாரமே தவிர, காதுக்குச் செய்யும் உபகாரம் அன்று என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

திரை வந்த பிறகும் சில காலம் நிலைமை கெட்டுவிடவில்லை. டாஸ் காலத்துத் திரை என்பது 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் உடைய ஒரு கட்டம். அதில் தோன்றும் ஒவ்வோர் எழுத்தும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் எழுத்தாகவே இருந்தது. அந்த இடத்தை எட்டிப் பார்த்து வாசிக்கச் சிறியதொரு புரோகிராம் போதும். ஐ.பி.எம். ஸ்தாபனத்தில் ஜிம் தாட்ச்சர், தம் ஆசிரியரும் சக ஊழியரும் பார்வையற்ற கணித அறிஞருமாகிய ஜெஸ்ஸி ரைட்டுடன் சேர்ந்து 1980-களில் அப்படியொரு திரைவாசிப்பானைச் செய்தார். விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர் என்பவரின் நிறுவனம் 1989-இல் ‘ஜாஸ்’ என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டது. இவற்றுக்குப் பின்னர் விண்டோஸ் பரவிற்று. திரையில் எழுத்து என்பது போய்ப் புள்ளிகளால் ஆன சித்திரம் என்றாயிற்று. நினைவகத்தில் இருந்தது இப்போது ‘அ’ என்னும் எழுத்து அன்று, ‘அ’ போன்று தோற்றம் அளிக்கும் ஒளிப்புள்ளிகளின் கூட்டம். கண்ணுடையோர் யாவரும் கம்ப்யூட்டர் சுலபமாகிவிட்டது என்று மகிழ்ந்த அதே ஆண்டுகளில், பத்து ஆண்டுகளாகத் திறம்பட உத்தியோகம் பார்த்துவந்த பார்வையற்ற புரோகிராமர்கள், தங்கள் காலடியில் இருந்த நிலம் விலகக் கண்டார்கள். முன்னேற்றம் என்று ஊரெல்லாம் கொண்டாடும் ஒன்று, ஒரு சாராரின் கைத்தொழிலைச் சப்தமின்றிப் பறித்துக்கொள்ளக்கூடும் என்பதற்கு இதைக்காட்டிலும் துலக்கமான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நம் நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவரின் பெயரைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். டி. வி. ராமன் 1965-இல் புணேயில் பிறந்தவர். கிளாக்கோமா நோயினால் 14-ஆம் வயதில் பார்வையை முற்றிலும் இழந்தார். கணிதத்தில் இருந்த பற்றை விடாமல் வாடியா கல்லூரியிலும், பின்னர் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தை அடைந்தார். பிறர் வாசிக்கக் கேட்டே கணிதம் கற்றவருக்கு, சமன்பாடு ஒன்றைக் குரலால் எப்படிச் சொல்வது என்ற கேள்வி ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. பின்னத்தின் மேலும் கீழும் இருப்பவற்றை, அடுக்கில் நிற்கும் எண்ணை, அடைப்புக்குள் அடைப்பாகச் செல்லும் கோவையை, குரலின் ஏற்ற இறக்கத்தாலும் மாற்றத்தாலும் வேறுபடுத்திக் காட்டும் முறையை அவர் வகுத்தார். ‘ஆஸ்டர்’ என்னும் அந்த அமைப்பே 1994-இல் அவருக்கு டாக்டர் பட்டம் தந்த ஆராய்ச்சி. கம்ப்யூட்டர் துறையில் அவ்வாண்டின் சிறந்த ஆய்வேட்டுக்கான ஏ.சி.எம். பரிசும் அதற்குக் கிடைத்தது. அவருக்கு வழிகாட்டிய நாயின் பெயரும் ஆஸ்டரே.

அடுத்த ஆண்டில், 1995-இல், அவர் ‘ஈமாக்ஸ்பீக்’ என்பதை வெளியிட்டார். ஈமாக்ஸ் என்பது 1970-களில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலியோர் ஆரம்பித்து வளர்த்த எடிட்டர். அதன் விசேஷம், அதைப் பயன்படுத்துபவரே அதன் ஒவ்வொரு செயலையும் மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்பது. ராமன் அதன் மூலநிரலில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. ஈமாக்ஸின் ஒவ்வொரு கட்டளையோடும் பிறிதொரு செயலை முன்னேயோ பின்னேயோ இணைத்துவிடுவதற்கு அதில் ஒரு வசதி உண்டு. அதனைக் கொண்டு, ‘அடுத்த வரிக்குச் செல்’ என்னும் கட்டளை நிறைவேறியவுடன் ‘வந்து சேர்ந்த வரியைப் பேசு’ என்பதும் நிகழுமாறு அவர் செய்தார். கேட்பதற்கு இது எளிய உபாயமாகத் தோன்றலாம். ஆனால் இதில்தான் அவருடைய சித்தாந்தம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

திரைவாசிப்பான் என்பது திரைக்கு வெளியே நின்று, அங்கே தோன்றிய சித்திரத்தைக் கண்டு ஊகித்து உரைப்பது. ராமனுடைய கருவியோ எடிட்டரின் உள்ளேயே இருந்துகொண்டு, அங்கே உள்ள பொருள் இன்னதென்று அறிந்து உரைப்பது. ஈமாக்ஸில் ஒரு நாட்காட்டி உண்டு. மாதத்தின் நாட்கள் ஏழு நிரல்களாக அதில் நிற்கும். வெளியிலிருந்து வாசிக்கும் கருவி அதனிடம் போனால் ‘பன்னிரண்டு’ என்று மட்டும் சொல்லும். அது செவ்வாயா புதனா என்பதை அறிய, கேட்பவர் மேலே போய்த் தலைப்பைத் தேடி, எத்தனையாவது நிரல் என்று எண்ண வேண்டும். ஈமாக்ஸ்பீக் எடுத்த எடுப்பிலேயே கிழமை, தேதி, மாதம், ஆண்டு யாவற்றையும் சொல்லிவிடும். புரோகிராமிலும் அப்படியே. கண்ணுடையோருக்கு எடிட்டர் விளக்கக் குறிப்பை ஒரு நிறத்திலும் கட்டளைச் சொல்லை வேறொரு நிறத்திலும் காட்டுகின்றது. ராமன் அவற்றை வெவ்வேறு குரல்களில் பேசவைத்தார். கோப்பு திறந்ததற்கும், சேமிக்கப்பட்டதற்கும், பொத்தான் ஒன்றின்மேல் வந்து நின்றதற்கும் தனித்தனிச் சிறு ஓசைகள் உண்டு. பத்துச் சொற்களில் சொல்லவேண்டியதை அரைக்கால் நொடியில் அவை தெரிவித்துவிடும். பயனும் இலக்கணமும் அறிந்த ஒருவர், தாமே நாள்தோறும் பயன்படுத்துவதற்கென்று செய்துகொண்ட கருவி ஆதலால், அதில் அலங்காரத்துக்கென்று ஒன்றும் இல்லை. 2005-இல் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்த பிறகும் அவர் அதை வளர்ப்பதை நிறுத்தவில்லை.

ஈமாக்ஸ் கற்பதற்கு எளிதன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஐ.ஐ.டி. மாணவருக்கு உகந்தது கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்த மாணவருக்கு உகந்ததாக இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. ஜாஸின் விலையோ ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது. இந்த நிலையில், ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-இல் ‘என்.வி.டி.ஏ.’ என்னும் இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்றவராகிய ஜேம்ஸ் டே உடன் சேர்ந்தார். அது நம் நாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பரவியது; தமிழ்நாட்டில் பார்வையற்ற மாணவர்கள் இன்று கம்ப்யூட்டர் பழகுவது பெரும்பாலும் அதைக்கொண்டே.

என்.வி.டி.ஏ. பைதான் மொழியில் எழுதப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பைதானில் நெளிவடைப்பே கிடையாது. எந்த வரி எதற்கு உட்பட்டது என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடமே தீர்மானிக்கும். கண்ணுக்கு இது மிகத் துப்புரவான ஏற்பாடு; காதுக்கோ வெற்றிடம் என்பது நிசப்தம். ஓர் இடைவெளி கூடியதும் குறைந்ததும் தெரியாமல் போனால் புரோகிராமின் பொருளே மாறிவிடும். அதே மொழியில் பார்வையற்றவர்கள் ஓர் உன்னதமான கருவியை ஆக்கினார்கள் என்றால், அந்த நிசப்தத்தைக் கேட்கும் வழியையும் அவர்கள் கண்டாக வேண்டும் அல்லவா? என்.வி.டி.ஏ.வில் வரியின் உள்தள்ளலை எண்ணால் சொல்லவும், ஸ்வரத்தால் ஒலிக்கவும் ஏற்பாடு உண்டு. வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கின்றதோ அவ்வளவுக்கு ஸ்வரம் மேலே ஏறும். பழகியவர் ‘நாலு இடம்’, ‘எட்டு இடம்’ என்ற சொற்களுக்குக் காத்திராமல், ஏறுகின்ற ஸ்வரத்தைக் கொண்டே தாம் எத்தனை மடிப்புக்குள் இருக்கின்றோம் என்பதை அறிந்துகொள்வார்.

தமிழ் இந்த வரலாற்றில் எங்கே வருகின்றது? சென்னை ஐ.ஐ.டி.யின் ஸிஸ்டம்ஸ் டெவலப்மென்ட் லாபரட்டரியில் பேராசிரியர் ஆர். கல்யாணகிருஷ்ணன் குழுவினர் பாரத மொழிகளுக்கென்று ஓர் எடிட்டரைச் செய்தார்கள். அதற்குப் பேசும் வடிவமும் உண்டாயிற்று. வித்யா விருக்ஷா என்னும் சென்னைத் தொண்டு ஸ்தாபனம் அதைப் பார்வையற்றோரிடையே பரப்பியது. அந்த எடிட்டர் எழுத்தைச் சேமித்த முறை விசேஷமானது. இன்று உலகம் முழுவதும் வழங்கும் யூனிகோடில் ‘கோ’ என்பது ஓர் எழுத்தன்று. ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு எண்கள். ஐ.ஐ.டி. எடிட்டரில் உயிர்மெய் ஒவ்வொன்றும் ஓர் எண். தமிழ்க் குழந்தை ‘கோ’ என்பதை ஓர் எழுத்தாகவே கற்கின்றது. காதும் அதை ஓர் ஒலியாகவே கேட்கின்றது. எழுத்தெழுத்தாக நகர்ந்து பிழை தேடும் பார்வையற்றவருக்கு, மெய்யும் உயிர்க்குறியும் பிளந்து ஒலிப்பதைவிட முழு அக்ஷரமாக ஒலிப்பதே இயற்கை. உலகப் பொது முறையின் பிரவாகத்தில் அந்த எடிட்டர் பின்தங்கிவிட்டது. ஆயினும் காதுக்கு உரிய அலகு எது என்று அது கேட்ட கேள்வி இன்னும் முழு விடை பெறாமலே இருக்கின்றது.

பின்னர், மத்திய அரசின் உதவியோடு, சென்னை ஐ.ஐ.டி.யின் ஹேமா மூர்த்தி தலைமையில் பல கல்வி ஸ்தாபனங்கள் ஒன்றுகூடி, பாரத மொழிகளுக்குக் குரல் அளிக்கும் திட்டத்தை நடத்தின. காலவாக்கத்து எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி அதில் தமிழுக்காக உழைத்தது. அவ்வாறு பிறந்த குரல்கள் என்.வி.டி.ஏ., ஆர்க்கா ஆகிய திரைவாசிப்பான்களோடு இணைக்கப்பட்டன. மனிதர் பேசிப் பதிவான ஒலித்துண்டுகளிலிருந்து ஆக்கப்பட்ட அந்தக் குரலில் ஒரு கதையைக் கேட்பது இனிமையான அனுபவம். ஆனால் புரோகிராமரின் தேவை வேறு. தேர்ந்த பார்வையற்ற புரோகிராமர், சாதாரணமாக நாம் பேசும் வேகத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் குரலை ஓடவிட்டுக் கேட்கின்றார். புதிதாகப் பக்கத்தில் அமர்பவருக்கு அது ஒரு மொழி என்றே தோன்றாது. இனிய குரல்கள் அந்த வேகத்தில் குழறிவிடும். ஜொனாதன் டடிங்டன் எழுதிய ‘ஈஸ்பீக்’ என்னும் கரகரத்த யந்திரக் குரலோ, ஒலியைக் கணக்கிட்டுத் தானே உண்டாக்குவதாகையால், எவ்வளவு விரட்டினாலும் உருக்குலையாது. அதற்குத் தமிழும் தெரியும். இனிமை ஒரு பக்கமும் வேகம் மறுபக்கமும் நிற்க, இரண்டும் ஒருங்கே உடைய தமிழ்க் குரல் ஒன்றுக்காக ஆராய்ச்சியாளர்கள் உழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கின்றேன். ஏனெனில் புரோகிராம் ஆங்கில எழுத்தில் இருந்தாலும், தமிழ்வழி பயின்ற மாணவர் அதற்கான பாடத்தையும் விளக்கத்தையும் முதலில் தம் பாஷையில் கேட்டுத் தெளிந்தால்தான், அந்நிய மொழியின் ஒலிவெள்ளத்தில் நிலைகொள்ள முடியும்.

பெங்களூரின் மைக்ரோஸாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் வெங்கடேஷ் பொட்லூரி, மனோகர் சுவாமிநாதன் முதலியோர் 2018-இல் வெளியிட்ட ‘கோட்டாக்’ என்னும் ஆய்வு, இந்தப் பாதையில் நம் நாட்டிலிருந்து எழுந்த மற்றொரு முக்கியமான அடி. பொட்லூரி தாமே பார்வையற்றவர். கண்ணுடையோர் பெரிய எடிட்டரில் அநாயாசமாகச் செய்யும் காரியங்களில் எவையெல்லாம் காதால் செய்வோருக்கு எட்டாமல் நிற்கின்றன என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். கோப்பில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பார்வையில் அறிவது, வேண்டிய இடத்துக்குத் தாவுவது, பிழை தோன்றியதை உடனே உணர்வது ஆகியவை அவர்களுக்குப் புலப்பட்டன. கண்ணுடையோருக்குப் பிழையான சொல்லின் கீழ்ச் சிவப்பு நெளிகோடு உடனே தோன்றிவிடுகின்றது. காதால் எழுதுபவரோ புரோகிராம் முழுவதையும் எழுதி முடித்து ஓட்டிப் பார்த்த பிறகே பிழை இருந்ததை அறிந்துவந்தார். அந்த ஆய்வில் பிறந்த கோட்டாக் கருவி அந்தக் கணத்திலேயே ஓர் ஓசை தந்தது. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கையில் குறித்த வரியை அடைந்தவுடன் அங்கே உள்ள மதிப்பைக் குரலால் சொல்லும் வசதியையும் அது அளித்தது. சிறுசேரியில் உள்ளவர்களும் கையாளும் ‘விஷுவல் ஸ்டூடியோ கோட்’ எடிட்டர் 2015-இல் வந்தது. பிழைக்கும் அடையாளமிட்ட வரிக்கும் ஓசை தரும் ஏற்பாடு 2022-இல் அதில் இடம்பெற்றது. எடிட்டர் பார்வையற்றவருக்கு இணக்கமாகிவிட்டது; அவரை வேலைக்குத் தேர்ந்தெடுக்கும் பரீட்சைகள் பலவற்றில் அந்த இணக்கம் இன்னும் வரவில்லை என்பதை நிறுவனங்கள் பொறுப்போடு நினைக்கவேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையற்றோருக்கு உரிமை என்று சொன்ன ஒன்றை, ஒரு பரீட்சைப் பக்கத்தின் பெயரிடாத பொத்தான் மறுத்துவிடக் கூடாது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் காதை நம்பியவை. ஆனால் ஒரே புலன் எல்லோருக்கும் உதவுவதில்லை. செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில், பழைய தொழுநோய் மருத்துவமனையை 1955-இல் மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. அந்த நோயினால் பார்வையோடு விரல் நுனியின் உணர்ச்சியையும் இழந்தவருக்குப் பிரெயில் எட்டாது, குரல் ஒன்றே கதி. அதே மாவட்டத்தின் முட்டுக்காட்டிலோ, பார்வையும் செவியும் ஒருங்கே இல்லாதவர்களுக்குப் பயிற்சி அளிக்கின்றார்கள். அவர்களுக்கு ஈமாக்ஸ்பீக்கின் குரல்கள் எத்தனை இருந்தும் பயனில்லை, விரல் ஒன்றே வழி. எழுத்தை இன்ன புலனுக்கென்று கட்டிப்போடாமல் பொருளாகச் சேமித்துவைத்தால்தான், அது திருமணியில் குரலாகவும் முட்டுக்காட்டில் புள்ளியாகவும் சென்று சேரும். காதுக்கு அதைச் சேர்த்தவர் ராமன்; விரலுக்குச் சேர்ப்பதற்கு, 1995-ஆம் ஆண்டிலேயே நிகில் நாயர் முதலியோர் ‘பி.ஆர்.எல்.டி.டி.ஒய்.’ என்னும் கருவியை எழுதத் தொடங்கினார்கள். ஊசிமுனைபோன்ற புள்ளிகள் எழுந்தும் அமிழ்ந்தும் ஒரு வரியைக் காட்டும் அந்தப் பிரெயில் பட்டையையும், அதன் விலை நம் மாணவர்களுக்கு எட்டாமல் இருந்துவந்த காரணங்களையும் அடுத்த இதழில் காண்போம்.